‘இருந்துட்டுப் போகட்டும்’ என்பவர்களுக்கு

புது லேப்டாப்பில் வேண்டாத ஆப்களை எப்படி எடுப்பது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். விற்ற கடைக்காரரும் சரி, அலுவலக ஐ.டி. பிரிவுக்காரரும் சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அக்கா மகனும் சரி, ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “அதெல்லாம் இன்பில்ட். கை வைக்காதீங்க, சிஸ்டம் போயிடும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். வேணாம்னா திறக்காம விட்டுடுங்க.”

நல்ல மனதோடு சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் சொல்வது எதுவும் சரியில்லை. எடுத்தால் சிஸ்டம் போய்விடும் என்பது சரியில்லை. திறக்காமல் விட்டால் தொந்தரவு இல்லை என்பதும் சரியில்லை. கம்பெனி வைத்ததை எடுக்க நினைப்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்பதுபோல் ஒலிக்கும் அந்தத் தொனிதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபமூட்டுகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னலையோ டிரைவர்களையோ பிடுங்கி எறியச் சொல்லவில்லை. கணினி கண் விழிக்கவும், திரையைக் காட்டவும், கோப்பைத் திறக்கவும் எது தேவையோ அது இயங்குதளம், அது இருக்கட்டும். பிரவுசர், செய்தி, வானிலை, விளையாட்டு, அரட்டை, உதவியாளர் என்று அதன் தோளில் ஏறி உட்கார்ந்து வருபவற்றைத்தான் சொல்கிறேன். இவற்றை எடுக்கும் பொத்தான், காசு கொடுத்துக் கணினி வாங்கியவர் கையில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

‘பிரிக்க முடியாது’ என்ற பேச்சு கால் நூற்றாண்டுக்கு முன்பே நீதிமன்றம் ஏறிவிட்டது. 1997 டிசம்பரில், விண்டோஸ் 95 வாங்கும் கணினித் தயாரிப்பாளர்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என வாஷிங்டன் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் இடைக்காலத் தடை விதித்தார். மைக்ரோசாஃப்ட் நீட்டிய மாற்று என்ன தெரியுமா? ஒன்று, எக்ஸ்ப்ளோரர் கோப்புகளை எல்லாம் எடுத்துவிட்டதால் இயங்கவே இயங்காத விண்டோஸ். இல்லையென்றால் இரண்டு வருடம் பழைய விண்டோஸ். நீதிபதி தன் ஊழியரை விட்டே அந்தப் பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்ய வைத்துப் பார்த்தார். 90 நொடிகூட ஆகவில்லை, விண்டோஸும் ஒழுங்காக ஓடுகிறது என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அது ஐகானையும் சில கோப்புகளையும் மட்டும்தான் எடுக்கிறது, அடியில் இருக்கும் நிரல் அப்படியே இருக்கிறது என்று கம்பெனி வாதாடியது. அந்த வாதத்தை நினைவில் வையுங்கள். அதே வாதம் இன்றும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அந்தத் தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998 ஜூனில் நீக்கியது. அதே சமயம் வெளிவந்த விண்டோஸ் 98இல், நிரல்களைச் சேர்க்கும் நீக்கும் பட்டியலில் எக்ஸ்ப்ளோரரே இல்லை. முந்தைய பதிப்பில் எடுக்க முடிந்ததை அடுத்த பதிப்பில் எடுக்க முடியாமல் போனதற்குக் கணினி அறிவியலில் காரணம் தேடி என்ன பயன்? அமெரிக்க நீதித்துறை தொடுத்த பெரிய வழக்கில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டன், விண்டோஸ் 98இலிருந்து பிரவுசரை அகற்றும் ஒரு நிரலை எழுதிக் காட்டினார். அதை ஓடவிட்டால் கணினி மந்தமாகிறது என்று நிரூபிக்க 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு வீடியோவைப் போட்டது. திரையில் தெரிந்த ஜன்னலின் தலைப்புப் பட்டையைச் சுட்டிக்காட்டி, ஃபெல்டனின் நிரல் இந்தக் கணினியில் ஓடியதாகத் தெரியவில்லையே என்று மடக்கினார் அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ். சாட்சிக் கூண்டில் இருந்தவர் கம்பெனியின் மூத்த அதிகாரி ஜிம் ஆல்சின். ஒரே கணினியில் எடுத்ததுபோல் காட்டப்பட்ட வீடியோ, பல கணினிகளில் எடுத்து ஒட்டியது என்று கடைசியில் தெரியவந்தது. பிரிக்க முடியாது என்பது உண்மையாக இருந்திருந்தால் அதைக் காட்ட இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டியதில்லை.

2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொன்ன உத்தரவை அது ரத்து செய்தது. அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பு, எக்ஸ்ப்ளோரரை நீக்கும் பட்டியலிலிருந்து எடுத்ததும், பிரவுசர் நிரலையும் இயங்குதள நிரலையும் ஒரே கோப்புகளுக்குள் வேண்டுமென்று கலந்ததும் சட்டவிரோதம் என்று சொன்னது. ‘சிஸ்டத்தோடு கலந்து கிடக்கிறது, எப்படிச் சார் எடுக்கிறது’ என்று கேட்கும் நண்பர்கள் அந்த இரண்டாவது வரியைத்தான் படிக்க வேண்டும். கலந்து கிடப்பது தானாக நேர்ந்ததாக நினைக்கிறார்கள். கலந்ததே குற்றம் என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைத்திருக்கிறது. தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, விண்டோஸ் எக்ஸ்பியில் அந்த நீக்கும் வசதியைத் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. விண்டோஸ் ஒன்றும் உடைந்து விழவில்லை.

இப்போது எட்ஜ் பிரவுசருக்கு வருவோம். விண்டோஸ் 11இல் பல நிரல்கள் இணையப் பக்கங்களைத் தங்களுக்குள்ளேயே காட்டுகின்றன, அதனால் எட்ஜ் இல்லாமல் முடியாது என்கிறார்கள். 1997இன் வாதம்தான் இது. பக்கத்தைக் காட்டும் இயந்திரத்துக்கு வெப்வியூ2 என்று தனிப்பெயர் உண்டு, தனியாகவே நிறுவவும் படுகிறது. எட்ஜ் என்பது அதே இயந்திரத்தின் மேல் கட்டிய பிரவுசர். ஐரோப்பாவில் எட்ஜை எடுத்தாலும் வெப்வியூ2 அப்படியே இருக்கிறது, அதை நம்பிய நிரல்களும் ஓடுகின்றன. ஐரோப்பாவில் எட்ஜை எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்களா? முடியும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் கம்பெனியே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு சாட்சியம். விண்டோஸ் 10இல் என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி என்றொரு பதிப்பு உண்டு, ஆரம்பத்தில் எல்டிஎஸ்பி என்றிருந்தது. ஏடிஎம், மருத்துவக் கருவி, கடைகளின் பில் போடும் இயந்திரம் போன்றவற்றுக்காகச் செய்தது. 2019 வரை வந்த அதன் பதிப்புகளில் ஸ்டோர் இல்லை, கோர்ட்டனா இல்லை, வானிலையும் செய்தியும் இல்லை, எட்ஜ்கூட இல்லை. நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட கணினிக்கு எது வேண்டாம் என்று விண்டோஸைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்த விண்டோஸ் நம் வீட்டு விண்டோஸைவிட உறுதியாக நிற்க வேண்டியது, நிற்கவும் செய்கிறது. ‘எடுத்தால் சிஸ்டம் போயிடும்’ என்று சொல்லும் தம்பிக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை.

வசதியைத் தருவதும் பறிப்பதும் பணக் கணக்கில்தான் நடக்கிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கேண்டி க்ரஷ் விளையாட்டு கூடவே வரும் என்று அறிவித்துவிட்டுத்தான் வந்தது. கேட்காமலே ஸ்டார்ட் மெனுவில் முளைக்கும் இந்த மாதிரி ஆப்களை மொத்தமாக நிறுத்த ஓர் அமைப்பு இருந்தது. ப்ரோ பதிப்பு வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 2016இல் வந்த ஆனிவர்சரி அப்டேட்டுக்குப் பிறகு அது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும்தான் வேலை செய்யும் என்றாக்கினார்கள். ப்ரோவில் அதுவரை ஓடிய ஒன்றை எந்தத் தொழில்நுட்பம் திடீரென்று தடுத்தது? பெரிய நிறுவனம் கேட்டால் கொடுப்பது, தனி ஆள் கேட்டால் மறுப்பது என்ற முடிவு அது. லேப்டாப் விலைக்குள் விண்டோஸின் விலையும் இருக்கிறது என்பதால், ‘சும்மா கொடுத்ததுக்கு என்ன குறை’ என்ற பேச்சும் இங்கே எடுபடாது.

திறக்காமல் விட்டால் போதும் என்பவர்களுக்கு வருகிறேன். முதலில், நீங்கள் திறக்காவிட்டாலும் அது திறக்கும். குரோமை இயல்பு பிரவுசராக வைத்திருக்கும் ஒரு கணினியில், கீழே இருக்கும் தேடல் பெட்டியில் மின் கட்டணம் என்று தட்டி, வரும் இணைய முடிவைச் சொடுக்குங்கள். திறப்பது எட்ஜ், தேடுவது பிங். நம் ஊரில் இதை மாற்ற அமைப்பிலேயே வழி கிடையாது. கண் மங்கிய அப்பா, கணினியே இப்போதுதான் பழகும் அத்தை, இவர்கள் பார்ப்பது பழகிய திரை மாறிப்போய் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு பட்டியலை. மின்வாரியத்தின் பக்கம் எது, அதைப்போல் வேடமிட்டது எது என்று அவர்கள்தான் பிரித்தறிய வேண்டும்.

பயன்படுத்தாத ஆப்பை நீங்கள் மறக்கலாம். திருடன் மறப்பதில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று ஓய்வு கொடுத்தாயிற்று. 2023 பிப்ரவரி அப்டேட்டில் விண்டோஸ் 10இல் அதன் கதவையும் அடைத்தார்கள். ஆனால் உடல் உள்ளேயே கிடந்தது. 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. செக் பாயின்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த அந்த வித்தையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ‘சும்மாதானே கிடக்கு’ என்பதன் முழுப்பொருள் அதில் இருக்கிறது. பிடிஎஃப் போலப் பெயரும் படமும் வைத்த ஒரு குறுக்குவழிக் கோப்பு மின்னஞ்சலிலோ வேறெப்படியோ வரும். அதற்குள் முகவரி எழுதியிருக்கும் விதத்தில் ஒரு தந்திரம். சொடுக்கினால், உங்கள் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ தொடாமல் செத்துப்போன எக்ஸ்ப்ளோரரை எழுப்பி, அதன் வழியாக அந்த முகவரிக்குப் போகும். புதிய பிரவுசர்களில் இருக்கும் எச்சரிக்கைகளும் தடுப்புகளும் அந்தப் பழைய பிரவுசரில் கிடையாது. இந்த மாதிரிக் கோப்புகள் 2023 ஜனவரியிலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தன. விண்டோஸ் 11 கணினிகளும் தப்பவில்லை. அகப்பட்டவர் எக்ஸ்ப்ளோரரைக் கடைசியாகத் திறந்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்? அவர் செய்த ஒரே ‘தவறு’, இருந்துட்டுப் போகட்டும் என்று விட்டது. அதுவும் அவர் செய்ததில்லை, எடுக்க அவருக்கு வழியே தரப்படவில்லை. பழைய அரசுத் தளங்களுக்கும் அலுவலக மென்பொருள்களுக்கும் அந்த இயந்திரம் வேண்டியிருக்கிறது என்பது உண்மை. வேண்டியவருக்கு இருக்கட்டும். வீட்டில் பாடம் படிக்கும் பெண்ணின் கணினியில் அதற்கு என்ன வேலை?

ஃப்ளாஷும் இப்படித்தான். ஓட்டைகளுக்குப் பேர்போன அந்த மென்பொருள் விண்டோஸ் 8இலிருந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை நீக்க அதிகாரப்பூர்வமான அப்டேட் 2020 அக்டோபரில், ஃப்ளாஷின் ஆயுள் முடிய இரண்டு மாதம் இருக்கையில்தான் வந்தது.

இயங்குதளக் கம்பெனி ஒருபக்கம், கணினியைச் செய்து விற்பவர்கள் மறுபக்கம். 2014 இறுதியில் லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற நிறுவனத்தின் விளம்பர நிரல் ஒன்று முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்தது. நீங்கள் பார்க்கும் பக்கங்களில் விளம்பரம் செருகுவது அதன் தொழில். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் நுழைய வேண்டுமே, அதற்காகத் தன் சொந்தச் சான்றிதழ் ஒன்றை விண்டோஸின் நம்பகப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எல்லாக் கணினியிலும் ஒரே சான்றிதழ், ஒரே சாவி. அந்தச் சாவியைக் காத்த கடவுச்சொல், அடித்தள நிரலைச் செய்த நிறுவனத்தின் பெயரான கொமோடியா. பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அதைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சாவி கிடைத்த எவரும் ஒரு காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வங்கிப் பக்கமாக நடிக்கலாம். இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறு. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் சான்றிதழ் அங்கேயே இருந்தது. எடுத்தேன் என்று நம்பி நிம்மதியாக இருந்தவர்கள்கூட ஆபத்திலேயே இருந்தார்கள். 2017இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசத்துக்கு வந்து, 35 லட்சம் டாலர் கட்டியது. ஆக, எடுப்பது என்றால் முழுதாக எடுப்பது என்று இருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டெராபைட் வைத்திருப்பவர் ‘சில நூறு எம்பிதானே’ என்பார். 32 ஜிபி சேமிப்போடு விற்ற மலிவு லேப்டாப்பை வாங்கிய குடும்பத்தில் அந்தச் சில நூறு எம்பி, அடுத்த அப்டேட் இறங்குமா இறங்காதா என்பதை முடிவு செய்யும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வேண்டாத ஆப்களை எல்லாம் ஒரே சொடுக்கில் துடைத்தெறிகிறோம் என்று இணையத்தில் கிடைக்கும் நிரல்களை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடவிட்டு, ஸ்டோரையும் அப்டேட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. யாரோ எழுதிய நிரலுக்குக் கணினியின் முழு உரிமையையும் தூக்கிக் கொடுப்பது ஆபத்துதான். ஆனால் மக்களை அந்தப் பக்கம் தள்ளியது யார்? விண்டோஸில் இந்த ஆப்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. உங்கள் கணக்கில் ஒரு பிரதி. புதிதாக யார் கணக்கு தொடங்கினாலும் எடுத்துக் கொடுப்பதற்கென்று மூலப்பொதி ஒன்று. நீங்கள் அன்இன்ஸ்டால் செய்வது முதலாவதை. மகளுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள், அத்தனையும் திரும்ப வந்து நிற்கும். மூலப்பொதியை எடுக்கப் பவர்ஷெல் கருநிறத் திரையில் கட்டளை எழுத வேண்டும். முன்வாசலைப் பூட்டிவிட்டுச் சுவரேறிக் குதிப்பவரைத் திட்டுவது நியாயமில்லை.

எதை எடுத்தால் எது உடையும் என்று பயனருக்குச் சொல்வது ஒன்றும் நடக்காத காரியமில்லை. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு பொதியை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருப்பவை இவை, இவையும் போகும் என்று பட்டியலிட்டு, சம்மதமா என்று கேட்கும். அத்தியாவசியம் என்று குறித்தவற்றைத் தொட்டால் கடுமையாக எச்சரிக்கும். 2012இல் உபுண்டு தன் தேடலில் அமேசான் பொருள்களைக் காட்டத் தொடங்கியபோது பயனர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தப் பகுதி தனிப்பொதியாக இருந்ததால் ஒரே கட்டளையில் எடுத்தும் விட்டார்கள். இந்த முறையிலும் விபத்து உண்டு. 2021இல் பிரபல யூடியூபர் ஒருவர் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவப்போய், அந்தப் பொதியில் இருந்த பிழையால் டெஸ்க்டாப்பையே இழந்தார். அங்கேயும் கணினி முன்பே எச்சரித்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு எச்சரிக்கையை இன்னும் இறுக்கினார்களே தவிர, நீக்கும் உரிமையை யாரும் பிடுங்கவில்லை.

மேக் பக்கம் போனால் பாதுகாப்பைக் காட்டுகிறார்கள். 2019 முதல் மேக்கின் சிஸ்டம் தனிப் பகுதியில், எழுத முடியாதபடி இருக்கிறது. 2020 முதல் அதற்கு மறையாக்க முத்திரையும் உண்டு. நச்சு நிரல் சிஸ்டத்தைத் திருத்த முடியாமல் செய்யும் நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சதுரங்க விளையாட்டு எதற்கு அந்த முத்திரைக்குள் இருக்கிறது? பங்குச்சந்தை ஆப் எதற்கு? பூட்ட வேண்டியதைப் பூட்டுவதற்கும், பூட்டிய பெட்டிக்குள் வேண்டியதையெல்லாம் போட்டுவைத்துவிட்டுப் பாதுகாப்பு என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஐபோனில் இதே ஆப்பிள், 2024இல் ஐரோப்பியர்களுக்காக சஃபாரி, கேமரா, ஆப் ஸ்டோர் வரைக்கும் நீக்கும்படி மாற்றிக் கொடுத்தது. நீக்க முடியாதவை என்று அங்கே மிஞ்சியவை செட்டிங்ஸும் ஃபோனும்தான்.

ஐரோப்பாவில் நடந்தது டிஜிட்டல் சந்தைச் சட்டம். இயங்குதளத்தில் உள்ள எந்த ஆப்பையும் பயனர் எளிதாக நீக்க வழி செய்ய வேண்டும், இயங்குதளத்துக்கோ கருவிக்கோ உண்மையிலேயே இன்றியமையாதது மட்டும் விதிவிலக்கு என்கிறது அதன் ஆறாவது பிரிவு. 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களுக்கு இது கட்டாயம். உடனே எட்ஜை நீக்க முடிந்தது. தேடல் பெட்டியிலிருந்து பிங்கையும் நீக்க முடிந்தது. இதற்காக ஐரோப்பாவுக்கென்று தனி விண்டோஸ் எழுதவில்லை. விண்டோஸ் 11இன் சிஸ்டம்32 அடைவில், எந்த நாட்டுக்கு எந்த வசதி என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. எட்ஜை நீக்கலாம் என்ற வரி அதில் உண்டு. இயல்பு நிலை: முடக்கம். அதன்கீழே, எந்த நாடுகளில் இயக்க வேண்டும் என்று ஈரெழுத்துக் குறியீடுகளின் வரிசை. இந்தியா அதில் இல்லை. சென்னையில் விற்கும் கணினியிலும் அதே நிரல், அதே வரி இருக்கிறது, நாட்டைப் பார்த்து மறுக்கிறது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு பிரான்சின் பகுதி என்பதால் அங்கே சட்டம் செல்லும். கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகப்பட்ட நம் தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே தங்கள் கணினியில் எட்ஜை எடுக்கலாம். அவர்களுடைய மூதாதையர் கப்பல் ஏறிய கரையில் இருக்கும் நாம் எடுக்க முடியாது. இதற்குப் பிறகும் ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் காரணம் எந்தக் கடலில் தொடங்குகிறது என்று அவர்தான் காட்ட வேண்டும்.

ஐரோப்பாவின் பழைய முயற்சி ஒன்றைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். 2004இல் 49.7 கோடி யூரோ அபராதத்தோடு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னார்கள். அதை யாரும் சீந்தவில்லை, ஆகவே மக்களுக்கு இன்பில்ட்தான் பிடிக்கிறது என்பது வாதம். இரண்டும் ஒரே விலை. ஒரே விலைக்குக் குறைவான சரக்கை யார் வாங்குவார்? வெறுமையாக விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாம் போட்டே கொடுக்கட்டும், புதிதாக வாங்குபவருக்கு அது உதவியும்கூட. வேண்டாதபோது எடுக்க விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நம் நாட்டில் இந்தக் கோரிக்கை பிறக்காமல் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் போட்டபோது, முன்கூட்டியே ஏற்றிய தன் ஆப்களைப் பயனர் நீக்குவதைக் கூகுள் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு உத்தரவுகளை மட்டும் ரத்து செய்தது. அவற்றில் ஒன்று இது. 2025 நவம்பர் இறுதியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது ஃபோன்களிலும் ஏற்ற வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்க விடக் கூடாது என்று தயாரிப்பாளர்களுக்குச் சொன்னபோது நாடே எழுந்து நின்றது. சில நாள்களில், டிசம்பர் 3 அன்று, அந்தக் கட்டாயத்தை அரசு விலக்கிக்கொண்டது. திறக்காமல் விட்டால் போயிற்று, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்ற சமாதானத்தை அப்போது பெரும்பாலோர் ஏற்கவில்லை. அரசின் ஒரு ஆப் என்றதும் வந்த அந்தத் தெளிவு, கம்பெனிகளின் இருபது ஆப்கள் என்றால் மட்டும் எங்கே போகிறது?

கம்பெனிகள் அசையாதவை என்றும் நினைக்க வேண்டாம். திரையில் நடப்பதையெல்லாம் படமெடுத்துச் சேமிக்கும் ரீகால் வசதியை 2024இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் அது தள்ளிப்போனது. அதை நீக்கும் தேர்வு விண்டோஸில் தட்டுப்பட்டபோது, அது தவறுதலாக வந்த பிழை என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள், முழுதாக நீக்கலாம் என்று அவர்களே அறிவித்தார்கள்.

கடைசியாக ஒன்று கேட்பார்கள். பெரியவர்கள் தெரியாமல் எதையாவது நீக்கிவிட்டால் என்ன செய்வது? நீக்கியதை ஸ்டோரிலிருந்து திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கிறார்கள், கூச்சல் எதுவும் எழவில்லை. நம் மாநில அரசும் மத்திய அரசும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தமாகக் கணினி வாங்குகின்றன. இயங்குதளத்துக்கு இன்றியமையாத பகுதி தவிர மற்ற எல்லா ஆப்களையும், மூலப்பொதியோடு சேர்த்து, செட்டிங்ஸிலிருந்தே நீக்க முடிய வேண்டும், அப்டேட்டில் அவை திரும்ப வரக் கூடாது என்று அந்த டெண்டர்களில் இரண்டு வரி சேர்க்கப் புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம். போட்டி ஆணையம் ஃபோனுக்காக எழுதிய உத்தரவைக் கணினிக்கும் சேர்த்து, மேல்முறையீட்டில் நிற்கும்படி ஆதாரங்களோடு மறுபடி எழுத வேண்டும். எழுதும்போது, நம் கணினிகளிலேயே கிடக்கும் அந்த நாட்டுப் பட்டியலை முதல் ஆதாரமாக இணைக்கலாம்.